ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆங்கிலச் சொற்கள் எப்படிச் சேரும்?

கேள்வி கேட்டிருப்பவர் சிறிய தையல் கடை நடத்தும் ஒரு தாய். மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலப் பாடத்தின் கேள்வி பதில்களை மனப்பாடமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிவிடுகிறாள். ஆனால் முன்பு பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்தால் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுகிறாள். “அகராதி ஒன்று வாங்கித் தினம் பத்துச் சொல் மனப்பாடம் செய்யச் சொல்லலாமா? எனக்கு ஆங்கிலம் தெரியாது. நான் எப்படி உதவ முடியும்?” என்று கேட்கிறார்.

தினம் பத்துச் சொல் வேண்டாம். ஆங்கிலம் தெரியாத நீங்கள் உதவ முடியுமா என்றால், நிச்சயமாக முடியும். உங்கள் மகளுக்கு வேண்டிய சொற்களில் கணிசமான பங்கு அவளுடைய தமிழிலும் உங்கள் தையல் கடையிலும் ஏற்கெனவே இருக்கிறது. அதை எடுத்துக் கோக்கும் வேலைதான் பாக்கி.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பித்துவருகிறேன். தொடக்கத்தில் நானும் தினம் பத்துச் சொல் கொடுத்தவள்தான். வெள்ளிக்கிழமைத் தேர்வில் பிள்ளைகள் ஐம்பதுக்கு ஐம்பது வாங்குவார்கள். பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் அதே சொற்களைக் கேட்டால் ஐந்தாறுதான் தேறும். பிள்ளைகள் சோம்பேறிகள் என்று அப்போது நினைத்தேன். அது மிகப் பெரிய தவறு. நினைவின் இயல்பே அப்படித்தான். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, மிச்சம் மெல்ல மெல்லக் கரைகிறது என்பது அவர் கண்டது. அகராதியின் வரிசையில் மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு அந்தச் சொற்களும் கிட்டத்தட்டப் பொருளற்ற அசைகள்தான். போதாததற்கு, அகர வரிசையில் அடுத்தடுத்து வருபவை பார்ப்பதற்கும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே நாளில் படித்தால் ஒன்றின் பொருள் இன்னொன்றின் மேல் ஏறிக்கொள்ளும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்ற பட்டியலே பிள்ளையை வழிமாற்றிவிடும். தமிழில் ‘போடு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டை போடுகிறோம், டீ போடுகிறோம், கோலம் போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், சண்டை போடுகிறோம், டிவி போடுகிறோம். நமக்கு எல்லாம் ஒரே சொல். ஆங்கிலத்தில் சட்டைக்கு ‘வேர்’ (அணிவது), டீக்கு மேக், கோலத்துக்கு டிரா, கையெழுத்துக்கு சைன், சண்டைக்கு ஃபைட், டிவிக்கு சுவிட்ச் ஆன். ‘போடு என்றால் புட்’ என்று பட்டியலில் படித்த பிள்ளை ‘புட் டிவி’ என்றுதான் எழுதும். மாத்திரை சாப்பிட்டேன் என்பதை ‘ஈட்’ போட்டு எழுதும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் மாத்திரைக்கு டேக். ஆகவே சொல்லைத் தனியாக எடுக்காமல், அது எதோடு சேர்ந்து வருகிறதோ அந்தத் துணையோடு சேர்த்து எடுக்க வேண்டும். ‘டேக்’ என்று எழுதி வைக்காதீர்கள். ‘டேக் மெடிசின்’ என்று எழுதி வையுங்கள்.

(ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் மகள் தன் நோட்டில் ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.)

இனி அவளுடைய தமிழுக்கு வருகிறேன். தமிழ் வழியில் படிப்பதால் பிள்ளை ஆங்கிலத்தில் பின்தங்கிவிடும் என்று பெற்றோர் கலங்குவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் வருந்துகிறது. ஏனென்றால் அவள் கையில் இருக்கும் அறிவியல் புத்தகமே ஒரு சாவிக் கொத்து. நம் கலைச்சொற்களை ஆக்கியவர்கள் பல இடங்களில் கிரேக்க, லத்தீன் வேர்களைப் பிரித்துப் பார்த்து, அதற்கு நேரான தமிழ்ச் சொற்களைச் சேர்த்துத்தான் ஆக்கினார்கள். ஒளிச்சேர்க்கை என்ற சொல்லைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஃபோட்டோசிந்தசிஸ். ஃபோட்டோ என்பது ஒளி, சிந்தசிஸ் என்பது சேர்க்கை. வெப்பமானி என்பது தெர்மாமீட்டர்: தெர்மோ வெப்பம், மீட்டர் அளப்பது. நுண்ணோக்கி என்பது மைக்ராஸ்கோப்: மைக்ரோ நுண்மை, ஸ்கோப் நோக்குவது. கணக்குப் பாடத்தில் முக்கோணம் டிரையாங்கிள்: டிரை மூன்று, ஆங்கிள் கோணம். சுற்றளவு பெரிமீட்டர்: பெரி சுற்றி, மீட்டர் அளவு. சமூக அறிவியலில் மக்களாட்சி டெமாக்ரசி: டெமோஸ் மக்கள், க்ராட்டோஸ் ஆட்சி அதிகாரம். இரண்டு மொழியிலும் மூட்டு ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்குப் பெரிமீட்டர் என்பது வெறும் ஒலி. உங்கள் மகளுக்குச் சுற்றளவு என்ற சொல்லிலேயே விளக்கம் இருக்கிறது. அவள் செய்ய வேண்டியது அந்த விளக்கத்தை ஆங்கிலச் சொல்லின் மேல் பொருத்துவது மட்டும்தான். பொருத்திவிட்டால் அது அங்கே நிற்காது, பெருகும். ஒருமுறை எட்டாம் வகுப்பில் பெரிமீட்டரையும் மைக்ராஸ்கோப்பையும் இப்படிப் பிரித்துக் காட்டிவிட்டு, கரும்பலகையில் பெரிஸ்கோப் என்று எழுதி, இது என்னவாக இருக்கும் என்று கேட்டேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுமி, வாய் திறந்து பதில் சொல்லாத பிள்ளை, “சுற்றிப் பார்க்கிற கருவியா மிஸ்?” என்றாள். நீர்மூழ்கிக் கப்பலுக்குள் இருந்துகொண்டே கடலுக்கு மேலே சுற்றிப் பார்க்கும் கருவிதான் அது. யாரும் சொல்லித்தராத ஒரு சொல்லை அவள் தானே திறந்தாள். அன்றைக்கு அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

எல்லாச் சொல்லும் இப்படிப் பிரியாது. விட்டம் என்ற சொல்லிலிருந்து டயாமீட்டருக்குப் போக வழி கிடையாது. ஆக்சிஜனைப் பழைய புத்தகங்கள் பிராணவாயு என்றன. ஆங்கிலச் சொல்லின் வேரோ ‘அமிலத்தை ஆக்குவது’ என்ற பொருளுடையது. எது பிரிகிறது, எது பிரியவில்லை என்று பார்ப்பதே பிள்ளைக்கு ஒரு விளையாட்டாகிவிடும். பாடப் புத்தகத்தில் ஒரு புதிய கலைச்சொல் வரும்போதெல்லாம் அதைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு நீங்கள் ஆங்கிலம் படித்திருக்க வேண்டியதில்லை. “இந்தத் தமிழ்ச் சொல்லில் எத்தனை சொல் இருக்கிறது? ஆங்கிலத்தில் எது எதற்கு நேர்?” என்று கேட்டால் போதும்.

வேர்களைப் போலவே முன்னும் பின்னும் ஒட்டும் துண்டுகளும் பயன் மிகுந்தவை. பள்ளி ஆங்கிலத்தில் முன்னொட்டு உள்ள சொற்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் வருபவை அன், ரீ, இன், டிஸ் ஆகிய நான்குதான். ரீ பெரும்பாலும் ‘மீண்டும்’, மற்ற மூன்றும் பெரும்பாலும் ‘இல்லை’. பின்னொட்டுகளில் ‘லெஸ்’ நம் ‘அற்ற’ போலவே வால்பக்கம் ஒட்டும். ஹோம்லெஸ் வீடற்ற, ஃபியர்லெஸ் அச்சமற்ற, யூஸ்லெஸ் பயனற்ற. ஒரே நாளில் பத்துச் சொல் கிடைத்துவிடும், ஒன்றைக்கூட மனப்பாடம் செய்யாமல்.

அடுத்தது உங்கள் கடை. ஆங்கிலம் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் காலையிலிருந்து மாலை வரை நீங்கள் பேசுவதைக் கவனித்துப் பாருங்கள்: மெஷர்மென்ட், லென்த், ஷோல்டர், காலர், லைனிங், கட் பீஸ், ஃபிட்டிங், லூஸ், டைட், ஆல்ட்ரேஷன், பட்டன், ஜிப். இவற்றில் பல உங்கள் மகளின் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. அவளுடைய அறிவியல் புத்தகத்தின் முதல் பாடமே அளவீட்டியல். ஆங்கிலப் பதிப்பில் அதன் தலைப்பு மெஷர்மென்ட். நீங்கள் டேப்பைப் போட்டு எடுக்கும் அதே மெஷர்மென்ட்.

இந்தச் சொற்களை அவளுக்கு எழுத்தில் தெரியாது, ஒலியில் தெரியும். பொருளும் தெரியும். கைப்பழக்கமாகவே தெரியும். எழுத்தை மட்டும் சேர்த்தால் போதும். பிறகு ஒவ்வொன்றின் குடும்பத்தையும் கூட்டி வரலாம். மெஷர் என்றால் அளப்பது, அதிலிருந்து மெஷர்மென்ட். ஆல்டர் என்றால் மாற்றுவது, அதிலிருந்து ஆல்ட்ரேஷன். லாங் என்பதிலிருந்து லென்த், வைட் என்பதிலிருந்து விட்த், ஸ்ட்ராங் என்பதிலிருந்து ஸ்ட்ரென்த். ஃபிட் என்பதிலிருந்து அன்ஃபிட், ஃபிட்னெஸ். லைனிங்குக்குள் லைன் இருக்கிறது. லூஸ் என்பதில் ஓர் எச்சரிக்கை: தளர்வான என்பதற்கு இரண்டு ‘ஓ’, இழப்பது என்பதற்கு ஒரே ‘ஓ’. பெரியவர்களும் இதில் தவறுகிறார்கள். பீஸ் என்பதிலும் அப்படித்தான். துணித் துண்டு வேறு எழுத்து, அமைதி வேறு எழுத்து.

தையல் கடைக்கு மட்டும் உரியதல்ல இது. கேட்பவர் டிரைவராக இருந்தாலும், எலக்ட்ரீஷியனாக இருந்தாலும், சமையல் வேலை செய்பவராக இருந்தாலும் அந்த வீட்டில் இருநூறு முந்நூறு ஆங்கிலச் சொற்கள் புழங்கிக்கொண்டுதான் இருக்கும். பஸ் கண்டக்டரை அறிந்த பிள்ளைக்கு, மின்சாரத்தைக் கடத்தும் செம்புக் கம்பியும் ஆங்கிலத்தில் கண்டக்டர்தான் என்று சொன்னால் கண் விரியும். ஒருவர் பயணிகளை அழைத்துச் செல்கிறார், ஒன்று மின்சாரத்தைக் கொண்டு செல்கிறது. செல்போனுக்குப் போடும் சார்ஜும், பஸ் சார்ஜும், அறிவியலில் வரும் மின்னூட்டமும் ஒரே சொல். பேலன்ஸ் என்பது நமக்குக் கடைக்காரர் தரவேண்டிய மீதி. கணக்கிலே அது இருப்பு, ஆய்வகத்தில் தராசு, உணவுப் பாடத்தில் சரிவிகிதம். ஆனால் சில சொற்கள் நம்மிடம் வந்து பொருள் மாறிவிட்டன. ஹோட்டல் என்றால் நமக்கு இட்லி கிடைக்கும் இடம், ஆங்கிலத்தில் தங்கும் இடம். நோட்டு என்றால் நமக்கு எழுதும் நோட்டு, அங்கே அது குறிப்பு. இவற்றைத் தனியாகக் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

இப்போது, எடுத்த சொல்லை நிறுத்திவைப்பது எப்படி என்பதைச் சொல்கிறேன். வாரம் எட்டுச் சொல் போதும். பள்ளி நடக்கும் 40 வாரங்களில் 320 சொற்கள் ஆகும். குடும்பத்தோடு எடுப்பதால் அது உண்மையில் பல மடங்கு. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தைச் சிறிய அட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், அது வரும் ஒரு சிறிய வாக்கியம். மறுபக்கம் தமிழில் பொருள். மூன்று டப்பாக்கள். புதிய அட்டை முதல் டப்பாவில். அதைத் தினமும் கேட்க வேண்டும். சரியாகச் சொன்னால் இரண்டாவது டப்பாவுக்குப் போகும், அதை மூன்று நாளுக்கு ஒருமுறை. அங்கும் சரியென்றால் மூன்றாவதுக்கு, வாரம் ஒருமுறை. எந்த இடத்தில் தவறினாலும் முதல் டப்பாவுக்குத் திரும்பி வரும். ஜெர்மானிய மொழி எழுத்தாளர் லைட்னர் 1970களில் பரப்பிய முறை இது. எங்கள் வகுப்பில் மிட்டாய் டப்பாவில் நடக்கிறது.

கேட்கும் வேலை உங்களுடையது. தமிழ்ப் பக்கத்தை நீங்கள் வாசியுங்கள். அவள் ஆங்கிலச் சொல்லைச் சொல்லி, எழுத்துக் கூட்டி, வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். எழுத்து சரியா என்பதை அட்டையைத் திருப்பி அவளே உங்களிடம் காட்டட்டும். பொத்தான் தைத்துக்கொண்டே கேட்கலாம், பத்து நிமிடம் போதும். இதில் முக்கியமானது, அட்டையைப் பார்த்துப் படிக்கவிடாமல் நினைவிலிருந்து எடுக்கவைப்பது. 2008இல் அமெரிக்க உளவியலாளர்கள் கார்பிக், ரோடிகர் இருவரும் கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கொடுத்துச் சோதித்தார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன பிறகும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட மாணவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தார்கள். சரியாகச் சொன்ன சொற்களைக் கேட்பதை நிறுத்திவிட்டு, பார்த்துப் படிக்க மட்டும் தொடர்ந்து வாய்ப்பளிக்கப்பட்டவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் நினைவிருந்தது. படிப்பதால் அல்ல, மறந்துபோகும் நேரத்தில் முயன்று எடுப்பதால்தான் சொல் தங்குகிறது. அவள் யோசித்துத் திணறும் அந்த ஐந்து நொடியில் பதிலைச் சொல்லிவிடாதீர்கள்.

எந்த எட்டுச் சொற்கள்? பாடத்தின் முடிவில் உள்ள அருஞ்சொற்பொருள் பட்டியலை அப்படியே எடுக்க வேண்டாம். ஒரு கவிதையில் மட்டும் தலைகாட்டிவிட்டுப் போகும் சொற்களும் அதில் இருக்கும். இசபெல் பெக் என்ற அமெரிக்கக் கல்வியாளரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். அன்றாடப் பேச்சில் தானாக வருபவை முதல் அடுக்கு. ஒரு பாடத்துக்கு மட்டும் உரிய கலைச்சொற்கள் மூன்றாவது. எல்லாப் பாடங்களிலும் எழுத்தில் திரும்பத் திரும்ப வரும் நடு அடுக்கில்தான் உழைப்பைப் போட வேண்டும் என்றார்கள். இன்க்ரீஸ், ரிசல்ட், சர்ஃபேஸ், ப்ரொடெக்ட், சவரல், ஹவெவர் போன்றவை. தேர்வுத் தாளில் கட்டளையாக வரும் கம்பேர், டிஸ்க்ரைப், டிஃபைன், எக்ஸ்ப்ளெய்ன் ஆகியவையும் இதே அடுக்குதான். ஒப்பிடு என்பதற்கும் விவரி என்பதற்கும் வேறுபாடு தெரியாமல், தெரிந்த பதிலைத் தவறாக எழுதிவிட்டு வரும் பிள்ளைகள் பலர். இரண்டு பாடங்களில் கண்ணில் பட்ட சொல் எதுவோ அதை எடுக்கட்டும். அதுவே போதுமான சல்லடை.

அட்டை பாதி வேலை. மறுபாதி வாசிப்பு, அதுவும் எளிய வாசிப்பு. இதில்தான் நாம் பிள்ளைகளுக்கு மிகவும் அநியாயம் செய்கிறோம். நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன் சொல்வள ஆய்வில் முன்னோடி. அவரும் ஹூ என்ற ஆய்வாளரும் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கதையை யார் உதவியும் இல்லாமல் வசதியாகப் புரிந்துகொள்ள 100 சொற்களில் 98 சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் புதிது. உங்கள் மகளின் ஆங்கிலப் பாடத்தில் ஒரு வரிக்கு ஒன்று புதிதாக இருந்தால், பத்துச் சொல்லுக்கு ஒன்று. இரண்டாவது வரியில் நின்றுவிடுவது அவளுடைய குறை அல்ல. பாதை முழுவதும் பள்ளமாக இருக்கிறது.

இதை முதலில் கண்டு வேலையில் இறங்கியவர்களில் ஒருவர் நம் துணைக்கண்டத்தில்தான் அதைச் செய்தார். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1920களில் வங்காளத்தில், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றினார். வங்காளப் பிள்ளைகளின் ஆங்கில வாசகங்களில் புதிய சொற்கள் நெருக்கமாகக் கொட்டப்பட்டிருப்பதைக் கண்டு, புதிய சொல்லைக் குறைத்து, வந்த சொல்லே மீண்டும் மீண்டும் வரும்படி வாசகங்களை எழுதினார். 1935இல் அவரும் எண்டிகாட்டும் வெளியிட்ட அகராதி சுமார் 24,000 சொற்களையும் தொடர்களையும் வெறும் 1,490 எளிய சொற்களால் விளக்கியது. 1953இல் அவர் வெளியிட்ட, அதிகம் பயன்படும் ஏறத்தாழ 2,000 சொற்களின் பட்டியல் இன்றும் பேசப்படுகிறது.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். ஒரு பக்கத்தை எடுத்து, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம், அதைவிட எளியது எடுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கதைப் புத்தகமாக இருந்தாலும் வெட்கப்பட வேண்டியதில்லை. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் படிநிலை வாரியாகப் பிரித்த கதைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. சென்னையின் தூலிகா பதிப்பகம் இரு மொழியும் ஒரே பக்கத்தில் வரும் படக்கதைகளை வெளியிட்டிருக்கிறது. முதலில் தமிழில் கதையைப் படிக்கட்டும், பிறகு அதையே ஆங்கிலத்தில். கதை தெரிந்திருப்பதால் புதிய சொல்லின் பொருள் பாதி தானே விளங்கும். இது ஏமாற்று வேலை என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரே கதையை நான்கு நாள் நான்கு முறை படிக்கலாம். படித்ததை உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். புரிந்திருக்கிறதா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

தமிழ் எழுத்து பற்றி முன்பு சொன்னேன். பல பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லின் தலைக்கு மேல் அதன் ஒலியைத் தமிழில் எழுதிக்கொள்கிறார்கள். பிறகு கண் மேல்வரியில்தான் ஓடும், ஆங்கில எழுத்தின் பக்கம் போகவே போகாது. மேலும் தமிழ் எழுத்து ஆங்கில ஒலிகள் சிலவற்றைப் பிரித்துக் காட்டாது. சமையல் கேஸும் போலீஸ் கேஸும் தமிழில் ஒரே எழுத்து. ஆடு, மேலங்கி இரண்டும் ‘கோட்’. ஆங்கிலத்தில் வெவ்வேறு. ஒலியில் ஐயம் வந்தால் செல்போனில் அந்தச் சொல்லை ஒலிக்கச் செய்து கேட்கட்டும், மூன்று முறை உரக்கச் சொல்லட்டும். செல்போனை இதற்குப் பயன்படுத்துவது நல்லது. முழுப் பத்தியையும் மொழிபெயர்த்துப் பார்ப்பதற்குப் பயன்படுத்தக் கூடாது.

அகராதி வாங்குவதாக இருந்தால், தடிமனானது வேண்டாம். பள்ளி மாணவர்களுக்கான ஆங்கிலம்–ஆங்கிலம்–தமிழ் அகராதி, ஒவ்வொரு சொல்லுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். கடையில் கையில் எடுத்து ‘மெஷர்’ என்ற சொல்லை மகளையே தேடச் சொல்லுங்கள். அங்கே இருக்கும் எடுத்துக்காட்டு அவளுக்குப் புரிந்தால் அது அவளுக்கான அகராதி. வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் எட்டு அட்டைகளையும் கடைச் சொற்களிலேயே எழுதிவிடலாம். அட்டைக்கு ஒரு வாக்கியம் வேண்டுமே, அதை நீங்கள் தமிழில் சொல்லுங்கள்: “இந்த ரவிக்கை தோளில் தளர்வாக இருக்கிறது.” ஆங்கிலத்தில் அவள் எழுதட்டும்.